லைமாவும் லட்சுமியும் – கடிதம்

வணக்கம் சார்,
லாட்வியாவின் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கிறேன். விடுதியில் பக்கத்து அறை லாட்வியப் பெண்ணின் பெயர் லைமா. அதிர்ஷ்ட தேவதையின் பெயராம். நம் லட்சுமிதான் அங்கே போய் லைமா ஆனாள் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? அக்கா குழந்தைக்கு இந்தப் பெயர் வைக்கலாமா? நியூமராலஜியும் பொருந்துகிறது.
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நியூமராலஜியை விட்டுவிடுவோம், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

லகரமும் மகரமும் ஒத்துப்போனால் உறவா? அந்தக் கணக்கில் எலுமிச்சையும் லட்சுமிக்குத் தங்கைதான். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இதையா நம்புவது? லட்சுமி என்ற சொல்லுக்கு வேதத்தில் பழைய பொருள் குறி, அடையாளம். லைமாவோ லாட்வியர்கள் தினமும் புழங்கும் 'லைமே' என்ற சொல்லை ஒட்டிய பெயர்: அதிர்ஷ்டம், மகிழ்ச்சி. முன்னால் ஒரு 'நெ' சேர்த்தால் நெலைமே, துரதிர்ஷ்டம். உறவு வேண்டுமென்றால் லைம்டோட்டா என்ற பெயரைப் பாருங்கள், லைமாவால் தரப்பட்டவள். அந்த 'டோட்டா'வும் வாசவதத்தையின் 'தத்தை'யும் ஒரே பழைய வேரில் முளைத்தவை, இரண்டுக்கும் பொருள் தரப்பட்டவள். பங்காளிகள். ஒருவர் வயிற்றில் ஒருவர் பிறக்கவில்லை.

போன மாதம் என் சின்னம்மா பாக்கியம் காலமானார். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் பிறந்தவர். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. லாட்விய கிராமங்களில் பெண்கள் பிள்ளை பெற்றது குளியல் வீட்டில், 'பிர்ட்ஸ்' என்பார்கள். புகையேறிய மரச்சுவர், வெந்நீர், கதகதப்பு. பிரசவ நேரத்தில் லைமா அங்கே வருவாள், குழந்தையின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிட்டுப் போவாள். கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் தொகுத்து 1894 முதல் 1915 வரை அச்சேற்றிய 2,17,996 நாட்டுப்பாடல்களில் அவள் வந்துகொண்டே இருக்கிறாள். தாயில்லாப் பெண்கள் அவளிடம் அழுகிறார்கள். வாழ்க்கை சரியாக அமையாதவர்கள் அவளைத் திட்டுகிறார்கள்.

சின்னம்மாவும் திட்டுவார். முப்பது வயதில் தாலியை இழந்தவர். "எவன்டா எனக்கு இந்தப் பேரை வச்சான்?" என்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். அப்போது மட்டும் முறத்தில் தட்டு கொஞ்சம் பலமாக விழும். அந்தப் பாட்டுகளைப் பாடிய பெண்களுக்கு இவர் சொல்வது ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் புரிந்திருக்கும். ஆகவே தயவுசெய்து லைமாவைத் தாமரையில் உட்காரவைத்து, கையிலிருந்து காசு கொட்டவிடாதீர்கள். அவளுக்கு ஈரத்தரையில் வேலை இருக்கிறது.

பெயர் அக்கா இஷ்டம். நீங்கள் அந்தப் பக்கத்து அறைப் பெண்ணிடம் அவளுடைய கொள்ளுப்பாட்டி எங்கே பிறந்தாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.