மோட்டார் கேள்வி–பதில்: காரை எவ்வளவு தாழ்த்தலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது 1992 யூனோஸ் ரோட்ஸ்டர், மஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த கார். இரண்டு அங்குலம் லோவர் பண்ண ஆசை. ஸ்ப்ரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதும் என்கிறார் கராஜ் பாஸ். ஜக், ஸ்டாண்ட், ஸ்பேனர் செட் எல்லாம் இருக்கின்றன. வீட்டிலேயே செய்ய வழி சொல்லுங்கள் ஐயா. – வாசகர், தலவாக்கலை

பதில்: வெட்ட வேண்டாம். ஸ்ப்ரிங்கின் நுனி, அது உட்காரும் தட்டுக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டிருக்கிறது. வெட்டிய நுனி அதில் சரியாகப் பொருந்தாது. வேலை செய்யும் சுற்று ஏழு என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை போனதும் ஸ்ப்ரிங் ஏறக்குறைய 27 சதவீதம் விறைத்துவிடும். ஸ்ப்ரிங்கின் துள்ளலை அடக்கும் ஷொக்கோ பழைய ஸ்ப்ரிங்குக்கு அமைந்தது. அதைவிட மோசம், மேட்டு முகப்பில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்ப்ரிங் தளர்ந்து இருப்பிடத்தை விட்டே விலகலாம். காஸ் விளக்கால் சுட்டுப் பதிய வைப்பது இன்னும் கேடு. எஃகின் பதமே போய்விடும்.

இரண்டு அங்குலமும் அதிகம். இந்தக் காரில், அதிலும் முன்பக்கத்தில், ஷொக் அமுங்க இடமே குறைவு. 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை தாழ்த்தும் ஸ்ப்ரிங் செட் போதும். உங்கள் காரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஒரு கேபிள் டை சொல்லிவிடும். ஷொக்கின் தூசி மூடியை மேலே தள்ளி, பளபளக்கும் தண்டில் மெல்லிய டையைக் கட்டி, ஷொக் உடலோடு ஒட்டும்படி இறக்கி விடுங்கள். நானுஓயா வழியாக நுவரெலியா வரை போய்த் திரும்புங்கள். ஷொக் அமுங்கிய அளவுக்கு டை மேலேறியிருக்கும். டைக்கும், ஷொக் மோதாமல் தடுக்க மேலிருக்கும் ரப்பர் பம்ப் ஸ்டொப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. ஷொக் சக்கரத்துக்கு உள்ளே தள்ளிப் பூட்டப்பட்டிருப்பதால், ஷொக் 10 மி.மீ. அமுங்கினால் சக்கரம் சுமார் 13, 14 மி.மீ. ஏறும். டை இப்போதே ஸ்டொப்பைத் தொட்டிருந்தால், தாழ்த்திய பின் கார் ரப்பர் மேல்தான் ஓடும். அதற்காக ஸ்டொப்பைக் கழற்றி எறியாதீர்கள்.

காரின் உயர அளவை மண்ணிலிருந்து எடுக்காமல், சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை எடுங்கள். டயர் காற்றும் தேய்மானமும் அதைத் தொடாது. நான்கு மூலை அளவையும் முதலிலேயே எழுதி வையுங்கள்.

நம் ஊரில் சமதரைதான் பெரிய பிரச்சினை. வாசலே சரிவாக இருக்கும். மேசன் பாஸிடம் உள்ள மட்டக் குழாயை வாங்கி, நான்கு டயரும் நிற்கும் இடங்களில் தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைவான இடத்தில் தரை ஓட்டுத் துண்டு வைத்து, வித்தியாசத்தை 3 மி.மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். மழை ஊறிய மண்ணில் ஜக் புதையும். அடியில் இரண்டங்குலப் பலகை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை அவசியம். ஹேண்ட்பிரேக்கும் கியரும் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டுமே. அவை அந்தரத்தில் இருந்தால் காரைப் பிடிக்க எதுவுமில்லை. ஜக்கை மட்டும் நம்பி அடியில் தலை நீட்டவே வேண்டாம்.

போல்ட்களுக்கு இரண்டு நாள் முன்பே துருநீக்கி எண்ணெய் அடியுங்கள். முதலில், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை இருபுறமும் கழற்றுங்கள். கழற்றாவிட்டால், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போதிய அளவு கீழிறங்காது. ஷொக்கைப் பிடிப்பவை மேலே இரண்டு 14 மி.மீ. நட், கீழே ஒரு 17 மி.மீ. போல்ட். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஆர்மைத் தாழ்த்தி ஷொக்கை எடுக்கலாம். லோவர் ஆர்மின் முட்டை வடிவத் தட்டுள்ள போல்ட்டைத் தொட வேண்டி வந்தால், இருந்த நிலையை வெள்ளைப் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். சக்கரத்தின் சாய்வை நிர்ணயிப்பது அதுதான். ஷொக் தண்டின் நடு நட்டை, ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பிடிக்கும் முன் தொடவே கூடாது. ஸ்ப்ரிங்கை அமுக்கும் கொம்ப்ரெஸர் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, இதில் இரண்டு சுற்று, அதில் இரண்டு சுற்று என்று கையாலேயே முறுக்குங்கள்.

திரும்பப் பூட்டும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஆர்ம்களின் ரப்பர் புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழாய் உண்டு. போல்ட்டை இறுக்கியதும் அது அசையாமல் பிடிபடும்; அதன்பின் ஆர்ம் ஆட ரப்பர் முறுக வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், கார் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியே கிடக்கும். கார் எதிர்பார்த்த அளவுக்குத் தாழாது, "ஸ்ப்ரிங் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை வரும், நாளடைவில் புஷ் கிழியும். ஆகவே எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டு, சக்கரங்களை மாட்டி, நான்கு டயருக்கும் அடியில் அகலமான பலகை அடுக்கி காரை இறக்குங்கள். முன்னும் பின்னும் அமுக்கி ஆட்டிவிட்டு, கார் தன் எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். நீங்கள் கழற்றாத ஆர்ம் போல்ட்களும் பழைய உயரத்தில் இறுகியவை. அவற்றையும் தளர்த்தி இறுக்க வேண்டும். சக்கர நட்டுக்கு 90 முதல் 115 நியூட்டன் மீட்டர். மற்றவற்றுக்கு அந்தக் காரின் வேர்க்‌ஷொப் புத்தகத்தைப் பாருங்கள்.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு அலைன்மன்ட். தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்வதோடு (இதுதான் கேம்பர்), டோவும், அதாவது சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறும். முன்னே கேம்பர் மைனஸ் 1 டிகிரி, டோ பூஜ்யம். பின்னே மைனஸ் ஒன்றரை, டோ மொத்தம் 2, 3 மி.மீ. உள்நோக்கி. மலை வளைவுகளுக்கு இது நல்ல தொடக்கம்.

கேள்வி: தாழ்த்திய நாளிலிருந்து, வடிகான் மூடியில் ஏறி இறங்கும்போது முன்னால் ‘டொக்’ என்கிறது. – வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் ஸ்டெபிலைசர் இணைப்பு நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவே. அடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஸ்ப்ரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால், நுனி தட்டின் படியில் உட்காரவில்லை, அல்லது மேல் ரப்பர் இருக்கையைத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது உரசலும் கேட்டால், மட்கார்ட் உட்புறத்தில் புதிதாகப் பளபளக்கும் கோட்டைத் தேடுங்கள்.

கேள்வி: கொய்லோவர் (வளையத்தைத் திருகி உயரம் மாற்றும் ஸ்ப்ரிங்–ஷொக் செட்) போட்டேன். இடது முன்மூலை 12 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. வளையத்தை ஏற்றினாலும் சரியாக வரவில்லை. – வாசகர், பண்டாரவளை

பதில்: ஜக்கிலிருந்து இறக்கியவுடன் அளந்தால் இப்படித்தான் காட்டும், டயர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நிற்கும். 5 மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் ஸ்டெபிலைசர் இணைப்பைக் கழற்றிவிட்டு உயரத்தைச் சரிசெய்யுங்கள். பார் ஒரு மூலையை மற்றதோடு கட்டிப்போட்டிருக்கும். ஒரு வளையத்தை ஏற்றினால் எதிர்க்கோணத்துப் பின்மூலையிலும் பாரம் கூடும் என்பதையும் மறவாதீர்கள். ஓட்டுபவர் வலப்பக்கம் அமர்வதால், உங்கள் எடைக்கு மூட்டை வைத்து அளப்பதே நியாயம்.

கேள்வி: ஸ்ப்ரிங்கைத் தொடாமல் சின்ன டயர் போட்டால் தாழாதா? – வாசகர், பதுளை

பதில்: தாழும், கொஞ்சம். ரோட்ஸ்டரின் 185/60 ஆர்14க்குப் பதில் 185/55 போட்டால் விட்டம் 18.5 மி.மீ. குறைந்து, கார் 9 மி.மீ. இறங்கும். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் கூட்டிக் காட்டும். மட்கார்ட் இடைவெளியோ இன்னும் அகன்று, பார்க்க அசிங்கமாக இருக்கும்.

கேள்வி: தாழ்த்திய பிறகு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டுமா? – வாசகர், நானுஓயா

பதில்: முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வேண்டாம். ரோட்ஸ்டரின் சக்கர இடைத்தூரம் 2,265 மி.மீ.; முன்பக்கம் 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால் 10 மீட்டர் தொலைவில் ஒளி 44 மி.மீ. கீழே விழும். பனிமூட்டத்தில் அது தெரியும். பின்பக்கம் கூடுதலாக இறங்கினால் எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கு நேரே போகும். வேலை தொடங்கும் முன் சுவருக்கு எதிரே 5 மீட்டரில் நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பையும் விளக்கின் மைய உயரத்தையும் சோக்கால் குறியுங்கள். முடிந்தபின் அதே இடத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே இருந்த பழைய இடைவெளி வரும்வரை விளக்கின் திருகைத் திருப்பினால் சரி.