தாத்தாவின் தந்தை மரச்சிற்பம் செய்தவர். அவருடைய வேலைகளில் எஞ்சியிருப்பவற்றை எப்படித் தேடுவது?

உங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது என்று நினைக்கிறேன்; எங்கள் வீட்டிலும் இல்லை. வேலை செய்தவர் வீட்டில் தேடாதீர்கள், கூலி கொடுத்தவர் வீட்டில் தேடுங்கள்.

என் கொள்ளுத்தாத்தா செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கில் வாசல் நிலையும் கதவும் செதுக்கிய ஆசாரி. 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்து, அங்கே வட்டித் தொழில் செய்த செட்டியார்களுக்கு வந்த பணம் நின்றபோது அவருடைய வேலையும் நின்றது; உளிகளைக்கூட விற்றுவிட்டாராம். கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் மட்டுமே எங்களிடம் மிஞ்சியது. அங்கே மூன்று விடுமுறைகளில் வீடு வீடாகக் கேட்டு அலைந்தேன். நான்காம் முறை ஓர் ஆச்சி, "ஐயா காலத்துக் கணக்கு மேலே பெட்டியில கெடக்கு, பாருங்க தம்பி" என்றார்கள். வட்டிக் கணக்கை எழுதிய அதே கவனத்தோடு வீடு கட்டிய கணக்கையும் எழுதி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கும் கருப்பட்டிக்கும் இடையில், விபவ வருடம் ஆனி மாதம், அதாவது 1928இல், முகப்பு நிலைக்கும், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டின் நிலைக்கும் கூலி பெற்றவராக அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் இருந்தன. தொகைகள் தமிழ் எண்களில் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

முகப்பு நிலையைப் பங்காளிகள் முன்பே விற்றுவிட்டார்கள். இரண்டாங்கட்டு நிலை நிற்கிறது. கஜலட்சுமிக்கு இருபுறமும் ஏறும் கொடிக்கருக்கில், அதாவது செதுக்கிய கொடி வேலைப்பாட்டில், கண்ணுக்குத் தெரியாத இலையடிப் பள்ளங்கள்கூட விரலில் சிராய் ஏறாதபடி இழைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கை வைத்தபோது அழுதுவிட்டேன்.

கணக்கில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுச் சாதிப் பெருமை பேசுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு நிலையை ஒருவரே செய்வதில்லை, பலர் கை அதில் உண்டு என்பதை நான் அறிவேன்; அவற்றுள் ஒன்று அவருடையது என்று மட்டுமே சொல்கிறேன். ஆனால் பழம்பொருள் கடைகளில் இத்தகைய நிலைகளைத் துண்டாக்கிக் கண்ணாடிச் சட்டமாக விற்கிறார்கள். மரத்தின் பெயரும் வயதும் சொல்கிறார்கள், செய்தவர் பெயரை யாரும் கேட்பதுகூட இல்லை. வீட்டைப் பிரித்த அன்றே கணக்குப் புத்தகமும் பழைய பேப்பர்காரரிடம் போய்விடுவதால், பிறகு கேட்டாலும் பதில் கிடைக்காது. அந்த முகப்பு நிலையை இன்றும் தேடுகிறேன்.

ஆகவே தாமதிக்காமல் புறப்படுங்கள். அந்த வீட்டுக்கு இப்போது பதினொரு பங்கு. பிரிப்பதாக முடிவானால் முதலில் எனக்குச் சொல்லியனுப்புவதாக ஆச்சி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் நினைவுபடுத்திவிட்டு வருகிறேன்.