பழைய மியாட்டாவும் குளிர்கால ஒழுகலும்: கேள்வி பதில்

மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமானது. அந்த முதல் தலைமுறை 1997 வரை வந்தது. அதில் இன்று ஓடும் வண்டிகளில் மிக இளையதற்கே கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. கனடாவிலும் நார்வேயிலும் இவற்றை வைத்திருக்கும் நம்மவர்கள் குளிர் தொடங்கியதும் ஒரே கவலையோடுதான் வருகிறார்கள்: வண்டிக்கு அடியில் ஈரம். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஒட்டாவா: அண்ணா, மைனஸ் 20 போகும் இரவுகளில் மட்டும் காலையில் முன்பக்கம் பச்சைத் திரவம் சொட்டியிருக்கிறது. வண்டி சூடானதும் எங்கே தேடினாலும் கசிவே இல்லை. ரேடியேட்டரை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. குளிரில் மட்டும் ஒழுகி, சூட்டில் நின்றுவிடும் கூலன்ட் கசிவு பெரும்பாலும் ஹோஸ் முனையில்தான் இருக்கும். பழைய ரப்பர் இறுகி, சுருங்கி, பிடிப்பை விட்டுவிடும். எஞ்சின் சூடானதும் ரப்பர் இளகி, உப்பி, தானாகவே அடைத்துக்கொள்ளும். அதனால் சூடான வண்டியில் தேடிப் பயனில்லை. இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பக்கம் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ் ஆகியவற்றின் முனைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்த மாதிரி காய்ந்த கறை இருந்தால் அதுதான் இடம். அங்கே எதுவும் தெரியவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர் வாங்கி, குளிர்ந்த வண்டியிலேயே மாட்டி பம்ப் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். திருகும் கிளாம்பை மேலும் மேலும் இறுக்கினால் பழைய ஹோஸ் வெட்டுப்படும். ஹோஸையே மாற்றி, ஸ்பிரிங் கிளாம்ப் போடுங்கள். ரப்பர் சுருங்கினால் அதுவும் கூடவே இறுகும்.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா? பழுத்திருந்தால் அது வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று. சிந்திய கூலன்ட்டை உடனே துடைத்துவிடுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய், பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

பிராம்ப்டன்: 1992 மாடல். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. ரியர் மெயின் சீல் (எஞ்சினின் பின்முனையில் ஆயிலை அடைக்கும் வளையம்) போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். செய்யலாமா?

இன்னும் சம்மதிக்காதீர்கள். இந்த வண்டியில் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, கேம்ஷாஃப்டின் சுழற்சியை எஞ்சின் கணினிக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதைச் சுற்றி ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும்.  இறுகிய ஓ-ரிங் ஆயிலைத் தடுக்காது. அங்கிருந்து வழியும் ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர் பாக்ஸ் கூட்டின் அடியில் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு ரியர் மெயின் சீல் போலவே தெரியும்.

சொட்டும் இடத்தை நம்பக் கூடாது, ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைத்தான் தேட வேண்டும். டீகிரீசர் போட்டு எஞ்சினின் பின்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவி, காயவிட்டு, கொஞ்சம் ஓட்டிவிட்டு வாருங்கள். பிறகு சென்சாருக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். கை நுழையாவிட்டால் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் போதும். வால்வு கவர் கேஸ்கெட்டின் பின் மூலைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அங்கிருந்தும் இதே வழியாகத்தான் ஆயில் இறங்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஆயிலில் யுவி சாயம் கலந்து, இருட்டில் நீல விளக்கு அடியுங்கள்.

ஓ-ரிங் சில டாலர்தான். கழற்றுவதற்கு முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுங்கள். இக்னிஷன் டைமிங் அதன் நிலையைப் பொறுத்தது. திரும்ப மாட்டியபின் டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்று எழுதியிருக்கும் இரண்டு முனைகளையும் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவையெல்லாம் காய்ந்தே இருந்து, ஆயில் அந்தக் கூட்டுக்குள்ளிருந்தே வருகிறது என்றால் ஒர்க்‌ஷாப் சொன்னது சரி. இறக்கும்போது கிளட்சையும் சேர்த்துப் பாருங்கள், ஒரே கூலி.

ஆஸ்லோ: குளிர் அதிகமான காலைகளில் கிளட்ச் பெடல் தரையோடு போகிறது. கியர் விழ மறுக்கிறது. கீழே பெரிதாக ஈரம் இல்லை.

கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது பெடலின் அழுத்தத்தை வாங்கி கிளட்சைத் தள்ளும் பாகம். இந்த வண்டியின் பழைய வியாதி. உள்ளே இருக்கும் ரப்பர் குளிரில் இறுகி, பிரேக் ஃப்ளூயிடை மெதுவாக விடும். வெளியே இருக்கும் ரப்பர் உறைக்குள் அது தேங்குவதால் தரையில் தெரியாது. உறையைப் பின்னுக்கு இழுங்கள். உள்ளே ஈரம் என்றால் தீர்ப்பு அதுதான். பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. புதிய ஸ்லேவின் பலம் பழைய மாஸ்டரைச் சீக்கிரம் சோதித்துவிடும். ஃப்ளூயிட் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

மொன்ட்ரியால்: ஆயில் மூடிக்கு அடியில் மயோனைஸ் மாதிரி வெள்ளைக் கூழ். டிப்ஸ்டிக் ஓரத்திலும் ஆயில் தெறிக்கிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போச்சா?

வேலைக்குப் போய்வரும் தூரம் குறைவு என்று நினைக்கிறேன். எஞ்சின் முழுசாகச் சூடாகாமல் நிறுத்தினால் உள்ளே வரும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து இப்படிக் கூழாகும். கூலன்ட் மட்டம் குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் பற்றிப் பயப்பட வேண்டாம்.

டிப்ஸ்டிக்கில் தெறிப்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதே ஈரம், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்விலும் குழாயிலும் உறைந்து அடைத்தால், எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். வால்வைக் கழற்றி ஆட்டுங்கள்; கடகட சத்தம் வராவிட்டால் மாற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

கால்கரி: சிந்தெடிக் ஆயில் போட்டால் பழைய எஞ்சின் ஒழுகும் என்கிறார்களே?

இருக்கும் ஓட்டையை அது காட்டிக்கொடுக்கலாம், புதிதாக ஓட்டை போடாது. உங்கள் ஊர்க் குளிருக்கு 5டபிள்யூ-30 (5W-30) ஆயில் போடுங்கள். 10டபிள்யூ ஆயில் மைனஸ் 25 டிகிரியில் எஞ்சினைச் சுழலவிடுகிறதா என்றுதான் சோதிக்கப்படுகிறது. 5டபிள்யூவுக்கு அந்தச் சோதனை மைனஸ் 30-இல்.

ஆஸ்லோ: பயணி இருக்கைக்கு முன்னால் கார்ப்பெட் நனைந்திருக்கிறது. எதுவும் சொட்டவில்லை.

தொட்டு முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடை, பிசுபிசுப்பு, கூடவே கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல மூட்டம் என்றால் ஹீட்டர் கோர் (டாஷ்போர்டுக்குள் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. வெறும் தண்ணீர் என்றால் மழையோ பனியோ உள்ளே வந்திருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னாலும் ஈரம் இருந்தால், மடிக்கும் கூரையின் வடிகால் துளைகளில் இலைதழை அடைத்திருக்கும். மென்மையான கம்பியால் குத்திவிடுங்கள்.

ஒட்டாவா: கசிவை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் ஊற்றலாமா?

வேண்டாம். அது ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மைனஸ் 20-இல் ஹீட்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பிராம்ப்டன்: பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் மஞ்சளாக, வழுக்கும் திரவம். ஆயிலா?

கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டி) ஆயில். பனி கரைந்தபிறகு சீல் மாற்றிக்கொள்ளலாம். மெல்லியதாக, நாற்றம் இல்லாமல் இருந்தால் பிரேக் ஃப்ளூயிட். சாலையில் கொட்டும் உப்பு பிரேக் குழாயை வெளியிலிருந்து அரித்துவிடும். முன்னால் இருக்கும் ரிசர்வாயரில் மட்டம் இறங்கியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். ஒர்க்‌ஷாப் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.