பையன் தூரத்திலிருந்தே அடிக்கிறான்: வீடியோ அலசலுக்கு 40,000 ரூபாய் தரலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் கால்பந்து ஆடுகிறான். கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் அவன்தான். எப்போதும் தூரத்திலிருந்தே அடிக்கிறான், கோல் விழுவதில்லை. புதுச்சேரியில் ஒருவர் அவன் ஆட்டத்தை வீடியோவில் அலசி, ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

முதலில் கோல் விஷயம். பெனால்டி பாக்ஸுக்கு, அதாவது கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெரிய கட்டத்துக்கு, வெளியே இருந்து அடிப்பதில் நூற்றுக்கு மூன்று, நான்குதான் கோலாகும். ஜெர்மனியின் க்ளோசே உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்தார். பதினாறும் பாக்ஸுக்குள்ளிருந்து அடித்தவை. 2002இல் அடித்த ஐந்துமே தலையால் முட்டியவை.

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் டி மரியா அடித்த கோலைப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். மெஸ்ஸி, அல்வாரெஸ், மக் அலிஸ்டர் என்று பந்து கைமாறிப் போகிறது. மக் அலிஸ்டர் தானே அடிக்கவில்லை, குறுக்கே தள்ளிவிடுகிறார். டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பதால் பின்னால் வருபவர் கண்ணில் படுவதில்லை. டி மரியா ஒரே தொடுதலில் முடித்தார். உங்கள் பையன் பழக வேண்டியது பின்னாலிருந்து பாக்ஸுக்குள் வரும் அந்த ஓட்டத்தை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் ஈரமாக இருக்கும்போது தூரத்திலிருந்து தரையோடு அடிக்கலாம். கோல் விழும் என்பதற்காக இல்லை. பந்து வழுக்கி கோல்கீப்பர் கையிலிருந்து நழுவும் என்பதற்காக. ஆனால் நழுவும் பந்தை எடுக்க ஓர் ஆள் முன்கூட்டியே ஓடியிருக்க வேண்டும். 2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் ரிவால்டோ அடித்ததை ஜெர்மனியின் பெரிய கோல்கீப்பர் ஆலிவர் கான் போன்றவரே நழுவவிட்டார். பிரேசிலின் இன்னொரு வீரர் ரொனால்டோ ஓடி வந்திருந்ததால்தான் அது கோலானது. கூட யாரும் ஓடாதபோது தூரத்திலிருந்து அடித்தால் பந்தை எதிரணிக்குக் கொடுப்பதாகத்தான் முடியும்.

சரி, அந்தப் புதுச்சேரி ஆள். 18 வயதுக்கு உட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி பொதுவாகத் தடை செய்கிறது. வீரர்களைக் கிளப்பில் சேர்த்துவிடும் ஏஜென்டாக வேலை பார்க்க ஃபிபா தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். "அப்புறம் அனுப்புகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீது கேட்டால் முகம் சுளிப்பவர், "இந்த வாரமே கடைசி" என்று அவசரப்படுத்துபவர், பையனின் பாஸ்போர்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறேன் என்பவர், எல்லோரும் ஒரே ரகம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

இவர்கள் பெருகக் காரணம் நம் ஏற்பாடுகள்தான். எத்தனையோ மாவட்டப் போட்டிகளில் யார், எங்கிருந்து கோல் அடித்தார் என்று எழுதி வைக்க ஆளில்லை. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஒரு நோட்டும் பேனாவும் வாங்கவா நிதி வேண்டும்? எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த நோட்டை நீங்களே வாங்குங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் பையன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: பாக்ஸுக்கு உள்ளேயா வெளியேயா, பந்து எப்படி வந்தது, எத்தனை தொடுதலில் அடித்தான். பத்து ஆட்டம் முடிந்ததும் அவனையே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.