வீட்டில் பிரசவம்: மருத்துவச்சிக்கு உரிமம் இருந்தால் போதுமா?

என் பாட்டிக்கு ஏழு பிரசவமும் வீட்டில்தான். ஊர் மருத்துவச்சி கைராசிக்காரர். இப்படிப்பட்டவர்களுக்கு அரசு உரிமம் கொடுத்தால் என்ன? (வாசகி, தேனி)

கைராசியை நான் மறுக்கவில்லை. பொறுமையாகக் காத்திருக்க நான் கற்றுக்கொண்டதே அந்தப் பாட்டிமார்களிடம்தான். ஆனால் பிள்ளை பிறந்த பிறகுதான் பெரிய ஆபத்து, ரத்தப்போக்கு. நஞ்சுக்கொடி விழுந்ததும் தொப்புள் பக்கம் கை வைத்தால் கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பிசைந்த மாவு போலத் தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. அதைத் தடுக்கத்தான் பிள்ளை பிறந்ததுமே தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும்.

உரிமம் என்றால் சுவரில் மாட்டும் காகிதம் இல்லை. அந்த ஊசியைப் போடும் அதிகாரம், அதற்கான பயிற்சி, தவறு நடந்தால் கேள்வி கேட்க ஒரு கவுன்சில், எல்லாம் சேர்ந்ததுதான் உரிமம். இங்கிலாந்தில் 1902-இல் சட்டம் வந்தபோது அனுபவமுள்ள பழைய மருத்துவச்சிகளையும் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும். 1910-க்குப் பிறகு, பதிவில்லாதவர்கள் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியாது.

லண்டனில் என் தங்கை வீட்டிலேயே பெற்றாள். இங்கே மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்? (வாசகர், மதுரை)

அங்கே வீட்டுக்கு வருபவர் பதிவு பெற்ற மிட்வைஃப், அதாவது முறையாகப் பயிற்சி பெற்ற மருத்துவச்சி. பின்னால் மருத்துவமனையும் தயாராக இருக்கும். அப்படி இருந்தும், சிக்கல் எதிர்பார்க்காத பெண்களை வைத்து 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வைப் பாருங்கள். வீட்டில் பெற முடிவு செய்த தலைப்பிரசவக்காரர்களில் 100-க்கு 45 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களில் 12 பேர்தான். தலைப்பிரசவம் என்றால் வீடு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் மிட்வைஃப் படிப்பு இருக்கிறதா? (செவிலியர் மாணவி, கரூர்)

இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. வேலை மருத்துவமனைப் பிரசவப் பிரிவில், வீடுகளில் இல்லை. நல்ல படிப்பு, சேருங்கள்.

ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள் என்று பயம். வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாம் என்கிறார் கணவர். (பெயர் வேண்டாம்)

வேண்டாம் அம்மா. 2018-இல் திருப்பூரில் அப்படி முயன்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். உங்கள் பயம் நியாயமானது. வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவதை நானே பிரசவ அறையில் கண்டிருக்கிறேன், அது கொடுமை. ஆனால் பிரசவ அறையில் உங்களோடு ஒரு பெண் துணை இருக்கலாம். அம்மாவோ அக்காவோ யார் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அப்புறம் நாளைக்கே உங்கள் பகுதி நர்ஸம்மாவைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு. எந்த ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரி வலி வந்தால் எப்படிப் போவது என்று கேட்டு எழுதி வையுங்கள். 108 எண்ணை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.