ஒரே சர்வரில் பல பேர்: உரிமக் கணக்கு கேள்வி பதில்

விண்டோஸ் சர்வர் ஒன்றை அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொள்பவர்களிடமிருந்தே பெரும்பாலான கேள்விகள் வந்துள்ளன. சர்வர் உள்ளே விட்டுவிட்டால் உரிமமும் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 40 பேர். விண்டோஸ் சர்வர் 2022-இல் ரிமோட் டெஸ்க்டாப் (தங்கள் கணினியிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதி) வழியாக வேலை செய்கிறோம். ஒரே நேரத்தில் 15 பேருக்கு மேல் நுழைவதில்லை. 15 உரிமங்கள் போதுமா ஐயா?

பதில்: போதாது. சி.ஏ.எல். எனப்படும் மைக்ரோசாஃப்ட் அணுகல் உரிமம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அல்லது நுழையப் பயன்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று. 40 பேரும் நுழைகிறார்கள் என்றால் பயனர் கணக்கில் 40 வேண்டும். ஆனால் இரண்டு ஷிப்டுகளில் அதே 20 மேசைக் கணினிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கருவிக் கணக்கில் 20 வாங்கினால் முடிந்தது. அவர்களில் ஒருவர் வீட்டு மடிக்கணினியிலிருந்து நுழையத் தொடங்கினால் அதற்கும் ஒன்று சேரும்.

இன்னொன்று: விண்டோஸ் சர்வர் அணுகல் உரிமமும் ரிமோட் டெஸ்க்டாப் அணுகல் உரிமமும் வேறு வேறு. இரண்டுமே வேண்டும். கையில் 2019-க்கான ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் இருந்தால் அது 2022 சர்வருக்குச் செல்லாது. புதிய உரிமம் பழைய சர்வருக்குச் செல்லும்.

கேள்வி: சர்வரைப் பராமரிக்கும் எனக்கும் உரிமம் வேண்டுமா?

பதில்: நிர்வாக வேலைக்காக இரண்டு இணைப்புகள் வரை உரிமம் இல்லாமலே அனுமதி உண்டு. அந்த வழியில் கணக்கு எழுத உட்கார்ந்தால் அது நிர்வாக வேலை அல்ல.

கேள்வி: நாங்கள் 30 பயனர் உரிமங்கள் வாங்கினோம். இப்போது 45 பேர் நுழைகிறார்கள், எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அப்படியானால் சரிதானே?

பதில்: சரியில்லை. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். டொமைனில் (அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) உள்ள சர்வரில் பயனர் முறையைத் தேர்ந்தெடுத்தால், எண்ணிக்கை மீறினாலும் உரிம சர்வர் யாரையும் தடுக்காது. கணக்கை மட்டும் வைத்திருக்கும். கருவி முறையில்தான் தடை வரும். ஆகவே மாதம் ஒருமுறை ரிமோட் டெஸ்க்டாப் உரிம மேலாளரில் பயன்பாட்டு அறிக்கை எடுத்து, ஊழியர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் உரிமத்தைப் புதியவருக்கு மாற்றலாம். பொதுவாக ஒருமுறை ஒதுக்கிய பிறகு 90 நாள் கழித்துத்தான் மறுபடி மாற்ற முடியும்.

ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் இல்லாமலே ஓட்டத் தொடக்கத்தில் கிடைக்கும் 120 நாள் சலுகைக் காலம் முடிந்ததும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) ஒரு பதிவை நீக்கி மீண்டும் புதிதாக்குவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். அது சலுகையை நீட்டிப்பது அல்ல, உரிமம் இல்லாமல் ஓட்டுவது.

கேள்வி: தனி சர்வர் வாங்கப் பணமில்லை. விண்டோஸ் 11 ப்ரோ கணினியில் ஒரு தொழில்நுட்பர் ஏதோ போட்டுக்கொடுத்தார். ஆறு பேர் ஒரே நேரத்தில் நுழைகிறோம்.

பதில்: ஒரே நேரத்தில் ஒருவர் பயன்படுத்தவே அந்த உரிமம். அவர் செய்தது சிஸ்டத்தின் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் வேலை. அடுத்த அப்டேட்டில் உடையலாம். எங்கிருந்தோ இறக்கிய நிரலுக்கு உங்கள் வாடிக்கையாளர் கணக்குகள் அத்தனையும் திறந்து கிடக்கின்றன என்பது அதைவிடக் கவலை தருவது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் நகலைத் தெரிந்தே பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. ஆறு பேருக்கு முறையாக வாங்கும் செலவு தாங்காது என்றால் லினக்ஸ் சர்வருக்கு மாற முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் வலைச் செயலி ஒரே ஒரு கணக்கு வழியாக மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரோடு பேசுகிறது. ஒரு சி.ஏ.எல். போதுமல்லவா?

பதில்: இல்லை. இடையில் எத்தனை அடுக்கு வைத்தாலும் கடைசியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைத்தான் எண்ண வேண்டும். பொதுமக்கள் பயன்படுத்தும் செயலி என்றால் எண்ணவே முடியாது. பயனர்களை எண்ணாமல், சர்வர் ப்ராசஸரின் கோர் எண்ணிக்கை அடிப்படையில் வாங்குங்கள், குறைந்தது நான்கு கோர். ஒவ்வொரு தரவுத்தளமும் அளவு வரம்புக்குள் (2022 வரையிலான பதிப்புகளில் 10 ஜிபி, 2025 பதிப்பில் 50 ஜிபி) அடங்கும் என்றால் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பே போதும்.

கேள்வி: பல்கலைக்கழகக் கணினித் தொகுப்பில் ஒரு பொறியியல் மென்பொருளுக்கு 10 மிதக்கும் உரிமங்கள் (யாராக இருந்தாலும் ஒரே நேரத்தில் 10 பேர் வரை பயன்படுத்தலாம்). மாணவர்கள் இரவெல்லாம் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: இங்கேதான் ஒரே நேர எண்ணிக்கை பொருந்தும். மிதக்கும் உரிமங்களை நிர்வகிக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம் நிரலைப் பயன்படுத்தும் மென்பொருளானால், அதன் விருப்பக் கோப்பில் (அமைப்புகளை எழுதும் ஆப்ஷன்ஸ் கோப்பு) சும்மா கிடக்கும் உரிமத்தைத் திரும்பப் பெற நேர வரம்பு வைக்கலாம். மென்பொருளும் அதை ஆதரிக்க வேண்டும். கணினித் தொகுப்பில் வேலைகளை வரிசைப்படுத்தும் நிரலான ஸ்லர்மில் உரிமத்தையும் நினைவகம்போல ஒரு வளமாக அறிவித்துவிட்டால், உரிமம் காலியாகும்வரை வேலை வரிசையில் காத்திருக்கும், பாதியில் செத்துப்போகாது. கல்வி உரிமத்தில் வெளி நிறுவனங்களுக்கான ஆலோசனைப் பணி பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். பேராசிரியர்களிடம் இதை எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: உரிமத் தணிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. மிகையாக நிறுவியதை இப்போதே நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். பதிவுகளில் தடயம் இருக்கும், மறைத்ததாகவே தோன்றும். கடிதம் உண்மையானதா, ஒப்பந்தப்படியான தணிக்கையா, வெறும் விற்பனை விசாரிப்பா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் எடுத்து நீங்களே எண்ணுங்கள். குறித்த அவகாசத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் எந்த எண்ணிக்கையும் சொல்லாதீர்கள்.