கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணுக்குக் கீழ ஃபில்லர் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, தை மாசம் கல்யாணம். கண்ணுக்குக் கீழ கருவளையம் இருக்கு. பார்லர்ல பிரைடல் பேக்கேஜ்லயே ஃபில்லர் ஊசியும் ஐலாஷ் எக்ஸ்டென்ஷனும் போட்டு விடுறோம்னு சொல்றாங்க. காலேஜ் நாள்ல இருந்து இமைக்கு உள்பக்கமா மை வைக்கிறேன், இப்பல்லாம் சாயங்காலம் ஆனா கண்ணு எரியுது, மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. என்ன பண்ணலாம்?
- திருச்சி வாசகி

பதில்: வாழ்த்துக்கள்மா. ஃபில்லர்ங்கிறது பள்ளத்த நிரப்ப தோலுக்கு அடியில ஊசியால ஏத்துற ஜெல், அந்த ஊசிய மட்டும் பார்லர்ல போட்டுக்காத, அட்வான்ஸ் குடுத்திருந்தாலும் போனா போகுதுன்னு விட்டுடு. ஏன்னா கண்ணச் சுத்தியும் புருவத்துக்கு நடுவுலயும் மூக்குத் தண்டுலயும் ஓடுற ரத்தக்குழாய்ங்களுக்கு கண்ணுக்குள்ள போற குழாயோட தொடர்பு இருக்கு, ஊசி முனை தப்பித்தவறி அதுக்குள்ள போயி ஜெல்ல அழுத்திட்டாங்கன்னா அது பின்னாடி தள்ளிக்கிட்டுப் போய் விழித்திரைக்கு வர்ற ரத்தத்தையே அடைச்சிடும், அந்தக் கண்ணு அங்கயே இருட்டாயிடும். ரத்தம் இல்லாம விழித்திரை ஒன்றரை மணி நேரம் தாங்குறதே பெருசு. அபூர்வமா நடக்குறதுதான், ஆனா நடந்துட்டா பார்வை திரும்புறவங்க ரொம்பக் கம்மி. ஹயலுரானிக் ஆசிட் ஃபில்லரா இருந்தா அத கரைக்க ஹயலுரானிடேஸ்னு மருந்து இருக்கு, பயிற்சி உள்ள டாக்டர்னா அத பக்கத்துல வச்சுக்கிட்டுதான் ஊசியத் தொடுவாங்க. ஃபேஷியல் பெட்ல படுக்க வச்சு செய்யுற வேலை இல்ல இது.

அதோட, ஃபில்லர் பள்ளத்தத்தான் நிரப்பும், கருப்ப எடுக்காது. அங்க தோல் ரொம்ப மெலிசு, மேலாக போட்டுட்டா நீலமா வேற தெரியும். உனக்கு இருக்குறது பள்ளமா, பரம்பரையா வந்த நிறமா, இல்ல கண்ணக் கசக்கிக் கசக்கி வந்ததான்னு தோல் டாக்டர் பாத்தாதான் சொல்ல முடியும். உறுத்துதுன்னு எழுதியிருக்கியே, எனக்கு அந்தக் கசக்குறது மேலதான் சந்தேகம், ராத்திரி தேய்ச்சுத் தேய்ச்சு மை எடுக்குறது வேற இருக்கும்.

இமை ஓரத்துல மேலயும் கீழயுமா ஒரு கண்ணுக்கு சுமார் 50 எண்ணெய் சுரப்பி இருக்கு, அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் காஞ்சு போகாம காக்குது. உள்பக்கம் மை வைக்கிறப்ப அந்தச் சுரப்பிங்களோட வாய் மேலயே பூசுற, அடைச்சுக்குது. அம்மா வீட்டுல விளக்கு வச்சு எடுத்த மைன்னாலும் அங்க போகக் கூடாது. லேபிள் இல்லாத சுருமா வாங்கவே வாங்காத, சிலதுல ஈயம் இருக்கும். இப்போதைக்கு மை வைக்கிறத நிறுத்திட்டு, தினம் வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு மூடின கண்ணு மேல ஒரு பத்து நிமிஷம் வை, அப்புறம் இமை ஓரத்த மெதுவா தொடச்சு விடு. மறுபடி வைக்கணும்னா முடிக்கு வெளிப்பக்கம் மட்டும் வை.

எக்ஸ்டென்ஷனும் இப்ப வேண்டாம், ஏற்கெனவே எரியுற இமை அது, அந்தப் பசையும் அதோட ஆவியும் இன்னும் கிளப்பி விடும், முடி ஒட்டியிருக்குன்னு பயந்து நீயும் இமைய சுத்தம் பண்ண மாட்ட. எரிச்சல் அடங்கியிருந்தா முகூர்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் மட்டும் ஒட்டி எடுக்குற லாஷ் போதும், அதோட பசையக் கூட ரெண்டு நாள் முன்னாடி முழங்கை மடிப்புல தடவிப் பாத்துடு. மஸ்காரா உனக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கி மேக்கப் போடுறவங்க கையில குடு, பத்துப் பொண்ணுங்களுக்குப் போட்ட பிரஷ் உன் கண்ணுக்கு வரக் கூடாது. மூணு மாசம் ஆச்சுன்னா அதையும் தூக்கிப் போட்டுடு.

ரெண்டு வாரத்துல எரிச்சல் கொறையலன்னா, இல்ல வலியோ பார்வை மங்கலோ வந்தா அன்னிக்கே, கண் டாக்டர்கிட்ட போ. மை வைக்காமப் போம்மா, இமை ஓரம் அப்பதான் சரியாத் தெரியும்.